ஸ்டேஷனுக்கு ஆள் எங்கிருந்து வரும்? நிரந்தரக் காவலர், இளைஞர் படை, ஊர்க்காவல் படை: ஓர் ஒப்பீடு

என் சித்தப்பா ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா கல்யாணத்துக்குச் சீருடையிலேயே வந்தார். தாலி கட்டியதும் அட்சதை போட்டுவிட்டு, பந்தியில் உட்கார நேரமில்லாமல் சமையல்கட்டில் நின்றபடி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு பந்தோபஸ்துக்குக் கிளம்பிவிட்டார். இத்தனைக்கும் அவர் ஸ்டேஷனில் கணக்குப்படி ஆள் இருந்தது. பாராவுக்கு ஒருவர், ரைட்டர், கோர்ட்டுக்கு ஒருவர், சம்மன் கொடுக்க ஒருவர், ஜீப் ஓட்ட ஒருவர் என்று கழித்துக்கொண்டே வந்தால், ராத்திரி ரோந்துக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு பேர்தான்.

2021 நவம்பரில் இரண்டாம் நிலைக் காவலர் முதல் ஏட்டு வரை எல்லோருக்கும் வாரம் ஒருநாள் ஓய்வு என்று அரசாணை வந்தது. எங்கள் வீட்டில் அதைக் கொண்டாடினோம். ஆனால் அந்த ஓய்வு கைக்கு வர, கூடுதல் ஆளும் வரவேண்டும். 28 பேர் உள்ள ஸ்டேஷனில் தினமும் 4 பேர் ஓய்வில் இருப்பார்கள். அந்த நான்கு பேர் வேலையை யார் பார்ப்பது? இதற்குத் தமிழ்நாட்டில் இதுவரை மூன்று வழிகள் பார்த்திருக்கிறோம்.

இளைஞர் படையை முதலில் பார்த்துவிடலாம். 2013-இல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கியது. மாதம் 7,500 ரூபாய் தொகுப்பூதியம், காவலர்களுக்கு உதவியாக வேலை, அப்புறம் சிறப்புத் தேர்வு எழுதி இரண்டாம் நிலைக் காவலர் ஆகலாம் என்ற வாய்ப்பு. ஆள் சீக்கிரம் கிடைத்தது உண்மை. ஆனால் சேர்ந்த பையன்கள் எல்லோரும் காவலர் வேலையை நம்பித்தான் வந்தார்கள். அவர்களை எடுத்துக்கொண்டால் இளைஞர் படை காலியாகிவிடும், எடுக்காவிட்டால் ஏமாற்றியதாகும். குறைந்த சம்பளத்தில் ஒரு காத்திருப்பு வரிசை என்பதற்கு மேல் இதை மதிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊர்க்காவல் படை அப்படி இல்லை. 1963 முதல் இருக்கும் தன்னார்வப் படை அது. ஆட்டோ ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர், தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்று உள்ளூர்க்காரர்கள் சேர்கிறார்கள். தேர்த் திருவிழாவில் போய்ப் பாருங்கள். நாலு வீதியும் சேரும் முனையில் கயிறு பிடித்து நிற்பவர் பெரும்பாலும் ஊர்க்காவல் படைக்காரர்தான். காணாமல்போன குழந்தையின் முகத்தைப் பார்த்தே "இது மேலத்தெரு ராசாத்தி பேத்தி" என்று ஒருவர் சொல்லித் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த காவலருக்கு அது தெரிய வழியில்லை.

கூட்டத்துக்கும் போக்குவரத்துக்கும் இவர்களை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் வழக்கு விசாரணையை இவர்கள் கையில் கொடுக்க முடியாது. சில வாரப் பயிற்சி அதற்குப் போதாது. ஊதியமும் கிடையாது, டியூட்டி பார்த்த நாளுக்குப் படி மட்டும்தான். நாளுக்கு 560 ரூபாய், ஆனால் மாதம் 5 நாள்தான் டியூட்டி என்றிருந்த காலமும் உண்டு. கணக்குப் போட்டால் 2,800. உச்ச நீதிமன்றம் 2015-இல் இமாச்சலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் வழக்கில், மாதம் 30 நாள் வேலை பார்த்தால் ஒரு காவலரின் குறைந்தபட்ச ஊதியம் கிடைக்கும் அளவுக்கு நாள்படி இருக்கவேண்டும் என்றது. பணி நிரந்தரம் மட்டும் தரவில்லை. எனக்கு இது நியாயமான அளவுகோலாகப் படுகிறது. காவலருக்குப் பதில் ஆளாக இவர்களைக் கணக்கில் வைக்கக்கூடாது. பக்கபலமாக வைத்தால், அதற்கேற்ற படியும் கொடுக்கவேண்டும்.

சரி, நிரந்தரக் காவலர். செலவு அதிகம், தாமதம் அதைவிட அதிகம். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு விட்டால் எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, முன்நடத்தை விசாரணை, அப்புறம் ஏழு மாதப் பயிற்சி. முடித்தவர் நேராக ஸ்டேஷனுக்கு வருவதில்லை. ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் பட்டாலியனுக்கோ போய், சில ஆண்டுகள் கழித்துத்தான் தாலுகாவுக்கு, அதாவது ஸ்டேஷன் வேலைக்கு, மாறுவார். ஆக, இன்றைக்கு வரும் அறிவிப்பு ஸ்டேஷனின் இன்றைய பற்றாக்குறையைத் தீர்க்காது.

இதனால்தான் எத்தனை பேர் எடுக்கிறோம் என்பதைவிட எப்படி எடுக்கிறோம் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2020 அறிவிப்பில், சிறைக் காவலர், தீயணைப்பாளர் உட்பட 10,906 இடங்கள். 2022-இல் 3,552. 2023-இல் 3,359. ஒரே அடியாகப் பத்தாயிரம் பேரை எடுத்தால் பயிற்சிப் பள்ளிகள் நிரம்பி வழியும், சொல்லிக்கொடுக்க அனுபவசாலிகள் போதமாட்டார்கள். அந்த பேட்ச் ஒன்றாகவே பதவி உயர்வுக்கு வரும், சில ஆண்டு இடைவெளிக்குள் ஒன்றாகவே ஓய்வும் பெறும். அன்றைக்கு மறுபடி ஒரு பெரிய பள்ளம் விழும். ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59, 2021-இல் 60 ஆனபோது ஓய்வுகள் தள்ளித்தான் போயின, நின்றுவிடவில்லை.

ஆண்டுதோறும் மூவாயிரம் சொச்சம் என்று தவறாமல் எடுப்பதே இந்த மூன்று வழிகளிலும் நான் தேர்ந்தெடுப்பது. யார் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்பது பணிப்பதிவேட்டிலேயே இருக்கிறது. அதிலிருந்து மூன்று நான்கு ஆண்டு பின்னோக்கி எண்ணி அறிவிப்பு விடலாம். ஆயுதப்படையில் காத்திருக்கும் காலத்தையும் குறைத்தால் ஸ்டேஷனுக்கு ஆள் இன்னும் சீக்கிரம் வரும்.

எங்கள் ஊர் மைதானத்தில் விடிகாலை ஐந்து மணிக்கே பையன்கள் கயிறு ஏறிக்கொண்டிருப்பார்கள். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடவேண்டும் என்று ஒருவன் போனில் நேரம் பார்த்துக் கத்துவான். அவர்களில் பொதுப்பிரிவைச் சேர்ந்த ஒருவனுக்கு 25 வயது முடிந்துவிட்டது. அவன் பிரிவுக்கு உச்சவரம்பு 26. அடுத்த அறிவிப்பு எந்த மாதம் என்று தெரிந்தால் வேறு வேலைக்குப் போவதா, இன்னும் ஓடுவதா என்று முடிவு செய்துவிடுவேன் என்கிறான்.