கராஜில் கார் லிஃப்ட்: குவிக்ஜாக்கா, மேக்ஸ்ஜாக்கா?

டெக்சஸின் டாலஸ் பக்கம் நம் ஆட்கள் வீட்டு கராஜில் இரண்டு கார் நிற்கும் என்பது பில்டர் கொடுத்த காகிதத்தில் மட்டும்தான். நிஜத்தில் ஒரு கார் நிற்கும். மறுபக்கம் டீப் ஃப்ரீசர், அரிசி மூட்டை, கொலுப் பொம்மைப் பெட்டிகள், ஊருக்குப் போகும்போது மட்டும் இறங்கும் சூட்கேஸ்கள். லிஃப்ட் வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த நிலவரத்தைத்தான். எத்தனை பவுண்டு தூக்கும், எவ்வளவு உயரம் போகும் என்பதெல்லாம் அப்புறம். வேலை முடிந்து கார் கீழே இறங்கியதும் அந்த லிஃப்ட் எங்கே போகும்? நான் குவிக்ஜாக் (தரையில் கிடத்தி காரைத் தூக்கும் இரட்டைச் சட்டம்) வாங்கியதற்குக் காரணம் இந்தக் கேள்விதான். அதனால் இந்த ஒப்பீடு கொஞ்சம் அதன் பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு தூண் லிஃப்டை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மேலே ஒரு கார், கீழே ஒரு கார் என்று அடுக்கி நிறுத்த உயரமான கூரை இருப்பவர்களுக்கு அது சரி. நடுவில் கத்தரிக்கோல் மாதிரி விரியும் லிஃப்டும் உண்டு. டயர், பிரேக் வேலைக்கு நல்லது. ஆனால் காரின் வயிற்றுக்கு நேர் கீழே இரும்பு அடைத்துக்கொண்டு நிற்பதால் கியர்பாக்ஸ், சைலன்சர் பக்கம் கை போகாது. ஆக, மிஞ்சியவை மூன்று: உருட்டிப் போகும் டிராலி ஜாக்கும் தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டும், மேக்ஸ்ஜாக், குவிக்ஜாக்.

டிராலி ஜாக்கும் நாலு ஸ்டாண்டும் இருநூறு முந்நூறு டாலரில் முடிந்துவிடும். ஒரு மூலையில் அடங்கிவிடும். வருடத்துக்கு இரண்டு முறை ஆயில் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்பவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்ப வேண்டும் என்னும்போதுதான் தொல்லை. முன்பக்கம் தூக்கி ஸ்டாண்ட் வைத்து, பின்பக்கம் போய்த் தூக்கினால் முன் ஸ்டாண்டுகள் லேசாகச் சாயும். அந்த நேரத்தில் வயிறு கலங்காதவர் யாரும் இல்லை. 2020-ல் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற கருவிக் கடை தன் பிட்ஸ்பர்க் ஜாக் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது பலருக்கு நினைவிருக்கும். பாரம் அசையும்போது பல்லில் மாட்டிய கொக்கி நழுவக்கூடும் என்பது காரணம். அப்புறம் மாற்றாகக் கொடுத்த சில ஸ்டாண்டுகளிலும் வெல்டிங் குறை இருந்து, அவற்றையும் திரும்பப் பெற்றார்கள். எல்லா ஸ்டாண்டும் அப்படியில்லை. ஆனாலும் ஒரு முறை அதைப் படித்தவர் காருக்குக் கீழே படுக்கும்போது கார் நழுவினாலும் அதன் மேல் நிற்கட்டும் என்று கழற்றிய சக்கரத்தைப் பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொள்வார், நல்ல பழக்கம்.

மேக்ஸ்ஜாக் மேல்தான் எனக்கு முதலில் ஆசை. கழற்றி வைக்கக்கூடிய இரண்டு தூண்கள், சாதாரணக் கூரைக்கு ஏற்ற உயரம், கார் ஏறத்தாழ நாலடி வரை எழும்பும். சக்கர ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அடியில் வேலை செய்யலாம். நண்பர் வீட்டில் ஒரு பிரேக் வேலைக்குப் போயிருந்தபோது பார்த்தேன். அந்த வசதிக்கு ஈடில்லை, மறுப்பதற்கில்லை. மேக்ஸ்ஜாக்கில் என் அனுபவம் அவ்வளவுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தத் தூண்களைத் தரையில் போல்ட் அடித்து நிறுத்த வேண்டும். ஒரு தூணுக்கு ஐந்து ஆங்கர். கான்கிரீட் போதிய தடிமனாக, 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வலுவோடு இருக்க வேண்டும். இங்கேதான் வட டெக்சஸ் வீடுகளின் சிக்கல். இந்த ஊர்க் களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதற்கு ஈடுகொடுக்க, பெரும்பாலான புது வீடுகளில் அடித்தளத்துக்குள் எஃகு வடங்களை ஓட்டி, கான்கிரீட் இறுகியதும் இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள். போஸ்ட் டென்ஷன் என்பது இதைத்தான். ஒவ்வொரு வடத்திலும் முப்பதாயிரம் பவுண்டு அளவுக்கு இழுவை இருக்கும். கராஜ் வாசலில் தரையைக் கூட்டிப் பாருங்கள். வெட்டாதே, துளைக்காதே என்று கான்கிரீட்டிலேயே முத்திரை குத்தியிருப்பார்கள். ஸ்கேன் செய்து வடம் ஓடும் இடத்தைக் குறித்துக்கொண்டு துளை போடுபவர்கள் இருக்கிறார்கள். முடியாத காரியமில்லை. ஒரு வடம் அறுந்தால் ஆகும் செலவில் எத்தனை வருடம் மெக்கானிக்கிடமே விடலாம் என்று கணக்குப் போட்டேன், ஆசை அடங்கியது.

தரை இடம் கொடுத்தாலும் இன்னொன்று இருக்கிறது. தூணைக் கழற்றலாம் என்பது உண்மை. பத்து போல்ட்டைத் திருகி எடுத்து, கனமான தூணைச் சாய்த்து, சக்கரத்தில் உருட்டி மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையெல்லாம் ஆயிலோடு நிற்பவர் அதைச் செய்வாரா? செய்யாமல் விட்டால் நிறுத்திய இடத்திலேயே அது நிரந்தரமாகிவிடும், கொலுப் பெட்டிகளுக்கு வேறு இடம் தேட வேண்டும்.

குவிக்ஜாக் இங்கேதான் ஜெயிக்கிறது. தனித்தனியாக இரண்டு நீளச் சட்டங்கள், ஒரு பம்ப், நடுவே ஹோஸ். சட்டம் ஒன்று 35 கிலோ அளவு. ஒரு முனையில் சக்கரம் இருப்பதால் இழுத்துக்கொண்டு போகலாம். படுத்த நிலையில் உயரம் மூன்று அங்குலம்தான். என் வழக்கம் இது: வேலை முடிந்ததும் ஹோஸைக் கழற்றி, இரண்டு சட்டத்தையும் காரின் நடுப்பக்கமாகத் தள்ளி விடுவேன். காரின் சக்கரங்கள் இருபுறமும் போக, கார் சட்டங்களின் மேலேயே நிற்கும். விருந்தாளி வரும் நாளில் சுவர்க் கொக்கியில் மாட்டலாம். பம்ப் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். எடுப்பது சுலபம் என்பதால்தான், முன்பு கடைக்குப் போன டயர் மாற்றி மாட்டும் வேலைகூட இப்போது வீட்டிலேயே நடக்கிறது. ஹோஸைக் கழற்றும்போது இரண்டு சொட்டு ஆயில் சிந்தும். கீழே ஒரு பழைய துணி போட்டால் சரி.

பட்டனை அழுத்தினால் அரை நிமிடத்தில் கார் மேலே. ஏறும்போது சட்டம் வில் போல வளைந்த பாதையில் போவதால் காரும் முன்னோ பின்னோ நகரும். கராஜ் கதவை ஒட்டி நிறுத்தினால் தூக்கியபின் கதவை மூட முடியாமல் போகலாம். முன்னாலேயே இடம் விட்டு நிறுத்துங்கள். மேலே போனதும் பூட்டுக் கம்பி டக்கென்று விழும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். கேட்டபின் கொஞ்சம் இறக்கி, பாரத்தைப் பூட்டின் மேலேயே உட்கார வையுங்கள். ஆயில் அழுத்தத்தை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. இறக்கும்போது முதலில் சற்று மேலே ஏற்றி, இரண்டு பக்கப் பூட்டையும் கையால் தள்ளி விட்டு, சுற்றி வந்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் கீழ்ப் பட்டன். ஒரு பக்கம் பூட்டியபடி இருந்தால் மறுபக்கம் மட்டும் இறங்கி கார் சாயும்.

பராமரிப்பு அதிகமில்லை. ஒரு சட்டம் முந்தி ஏறி மற்றது பிந்தினால் குழாயில் காற்று இருக்கிறது என்று பொருள். சும்மா சில முறை ஏற்றி இறக்கி, காற்றை வெளியேற்றினால் தீரும். ஆயில் எங்கும் கிடைப்பதுதான். டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) போதும்.

குறை இல்லையா? இருக்கிறது. உயரம் இரண்டடியை ஒட்டித்தான். அடியில் போக வேண்டுமென்றால் முதுகுப் பலகையில் படுத்தேயாக வேண்டும். பக்கவாட்டில் சட்டம் மறிப்பதால் உள்ளே நுழைவது முன்னாலோ பின்னாலோதான். விலையும் ஆயிரத்து ஐந்நூறு டாலரைச் சுற்றி. மேக்ஸ்ஜாக் அதற்கும் மேலே. கியர்பாக்ஸ் இறக்கும் ஆள் நீங்கள், தரையும் சாதாரண கான்கிரீட் என்றால் மேக்ஸ்ஜாக்கே வாங்குங்கள்.

ஆர்டர் போடுவதற்கு முன் டேப்பை எடுத்து, கார்க் கதவுக்கடியில் முன், பின் ஜாக் புள்ளிகளுக்கு (காரைத் தாங்கித் தூக்க வேண்டிய இடங்கள்) இடையே அளந்துவிடுங்கள். ஐயாயிரம் பவுண்டு தூக்கும் குவிக்ஜாக்கின் சாதாரண மாடல் எட்டுவது 60 அங்குலம், நீள மாடல் 66. ஓடிஸி, சியன்னா போன்ற நீள வண்டி வீட்டில் இருந்தால் அளக்காமல் வாங்காதீர்கள். எடையும் ஐயாயிரத்தை நெருங்கும் என்பதால் பின்னால் இருக்கும் சாமானை இறக்கிவிட்டுத் தூக்குவது நல்லது, இல்லாவிட்டால் ஏழாயிரம் பவுண்டு மாடலுக்குப் போய்விடுங்கள். அதோடு, சட்டத்துக்கும் காருக்கும் இடையே வைக்க, நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டைகளையும் சேர்த்தே வாங்குங்கள். கூடவே வரும் தட்டைக் கட்டையில் காரின் தகட்டு விளிம்பு நேராக அழுந்தினால் மடங்கிவிடும்.