பள்ளிக்கு மூன்று லட்சம்: பேனலா, ஃபேனா, மரமா, வேனா?

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரம் எங்களுடையது. நிதியுதவி பெறும் பள்ளி, 620 பிள்ளைகள், 24 வகுப்பறைகள், மூன்று வேன்கள். போன வருஷம் பழைய மாணவர்கள் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் திரட்டித் தந்தார்கள். பள்ளியின் கார்பன் தடத்தை, அதாவது பள்ளியால் காற்றில் கலக்கிற கரியமில வாயுவின் அளவை, குறைக்கிற வேலைக்குத்தான் அந்தப் பணம் போக வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பதால் கணக்குப் போடும் வேலை என் தலையில் வந்தது. விருப்பப்பட்டு ஏற்றுக்கொண்டேன், என் மகள் அங்கேதான் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் மொட்டை மாடியில் சோலார் பேனல் என்றார். அடுத்தவர் எல்லா ஃபேனையும் மாற்றலாம் என்றார். மூன்றாமவர் மரக்கன்றுகள். வேன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை.

கணக்குக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மின்கட்டமைப்பிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ, பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. பள்ளி வேலை நாள் 210. மற்றவை எல்லாம் எங்கள் பள்ளியிலேயே எண்ணிப் பார்த்தவை.

பேனலும் ஃபேனும்

இந்த இரண்டையும் அருகருகே வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் மின்சாரத்தைத் தொடுபவை, செலவும் கிட்டத்தட்ட ஒன்று.

3 லட்சத்துக்கு 5 கிலோவாட் பேனல் வரும். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஆக ஆண்டுக்கு 7,300 யூனிட், 5.1 டன் கரியமில வாயு மிச்சம். பார்த்தால் நல்ல கணக்குதான். ஆனால் பள்ளி 365 நாளும் நடப்பதில்லையே. பேனல் நன்றாக உழைக்கிற காலம் மார்ச் முதல் மே வரை. அதில் ஏப்ரல் கடைசியில் பூட்டினால் ஜூனில்தான் திறக்கிறோம். சனி, ஞாயிறு, காலாண்டு, அரையாண்டு விடுமுறை வேறு. அந்த நாள்களில் உண்டாகிற மின்சாரத்தை வெளியே அனுப்ப மீட்டர் இணைப்பு இருந்தால் அது வேறொரு வீட்டுக்குப் போய் உதவும், கணக்கு நிற்கும். இணைப்பு இல்லையென்றால் 210 நாள் மட்டும்தான், 4,200 யூனிட், 2.9 டன். பேனல் வாங்கப் போகிற பள்ளி, விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இந்த மீட்டர் கேள்வி.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் மாடியில் ஏற்கெனவே ஒரு சின்ன பேனல் இருக்கிறது, பேட்டரியோடு வந்த பழைய நன்கொடை. மூன்றாம் வருஷம் பேட்டரி போனது. மாற்றப் பணமில்லை. இப்போது அதன் அடியில் புறா முட்டையிடுகிறது. பொருத்திக் கொடுத்தவர்கள் பராமரிப்புக்கு ஆள் அனுப்பவில்லை, எங்களுக்கும் அதைக் கேட்டு எழுதி வாங்கத் தெரியவில்லை.

இனி ஃபேன். வகுப்புக்கு நான்கு வீதம் 96 ஃபேன். பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கிறது. இப்போது வருகிற பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டார் ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனில் ஆண்டுக்கு 66 யூனிட் மிச்சம். 96க்கும் சேர்த்து 6,300 யூனிட்டைத் தாண்டும். விலை ஒன்று 3,000 ரூபாய் வைத்தால் 2 லட்சத்து 88 ஆயிரம். மீதிப் பணத்தோடு இன்னும் 2,400 ரூபாய் சேர்த்தால் வகுப்புக்கு இரண்டு வீதம் இருக்கிற 48 பழைய டியூப்லைட்டுகளையும் எல்.இ.டி.யாக மாற்றிவிடலாம், அதில் இன்னொரு 1,200 யூனிட். மொத்தம் 5.3 டன்.

ஆக, ஒரே பணத்துக்குப் பேனல் 5.1 (அல்லது 2.9), ஃபேன் 5.3. பேனல் 25 ஆண்டு நிற்கும், ஃபேன் அவ்வளவு காலம் நிற்காது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஃபேனுக்கு மீட்டர் வேண்டாம், அனுமதி வேண்டாம், விடுமுறையில் வீணாகாது. இன்னொன்றும் இருக்கிறது. முதலில் ஃபேனை மாற்றிவிட்டால், பின்னாளில் பேனல் போடும்போது சின்னதே போதும். முதலில் பேனல் போட்டால், 75 வாட் ஃபேனுக்காகப் பெரிய பேனல் வாங்குகிறோம். அதனால் வரிசை என்று வந்தால் ஃபேன்தான் முன்னால்.

ஃபேன் வாங்குகிற பள்ளிகளுக்கு எலக்ட்ரீஷியன் சொன்ன ஒரு விஷயம். ஏணியில் நின்றபடி பழைய ஃபேனின் கப்பைக் கீழே இறக்கி, கண்டென்சரைத் தொட்டுக் காட்டிக்கொண்டே சொன்னார்: "சார், ரிமோட் ஃபேன் வாங்கிடாதீங்க. ஒரே வாரத்துல பாதி ரிமோட்டக் காணோம்பாங்க. சுவத்து ரெகுலேட்டர்ல ஓடுற மாடலாப் பார்த்துக் கேளுங்க." எல்லா பி.எல்.டி.சி. ஃபேனும் பழைய ரெகுலேட்டரில் ஓடாது, ஓடுகிற மாடலைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம், அதையும் பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

மரம்

மரம் நடுவதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் கார்பன் கணக்குக்கு மரத்தை நம்புவது பள்ளிக்குச் சரிப்படாது. நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ இழுக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 100 மரம் வைத்து, அத்தனையும் பிழைத்து, வளர்ந்து ஆளானால் 2 டன். எங்கள் வளாகத்தில் 100 மரத்துக்கு இடமில்லை. நட்ட முதல் சில ஆண்டுகளில் அது இழுப்பது சொற்பம். ஜூன் 5 அன்று நட்ட கன்று அடுத்த மே மாதம் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்வதை நாங்கள் வருஷாவருஷம் பார்க்கிறோம்.

மரத்தின் உண்மையான பலன் வேறு. மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிற மூன்று வகுப்புகளில் மதியம் மூன்று மணிக்கு உட்கார முடியாது. அதே வரிசையில் கடைசி வகுப்புக்கு வெளியே ஒரு பழைய புங்க மரம் நிற்கிறது. அந்த அறைக்குள் நுழைந்தால் வித்தியாசம் உடம்புக்குத் தெரிகிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்று சுட்டது, ஒன்று சுடவில்லை. அதனால் நிறைய வேண்டாம், பதினைந்து போதும்: புங்கன், வேம்பு, நாவல். எல்லாம் மேற்கே, கூண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பைப் பொறுப்பாக்கி, மே மாதத்துக்குக் காவலரிடம் சொல்லிவைத்து.

மாடி வகுப்புகளுக்கு மேலே வெள்ளை அடிப்பதும் இதே ரகம். ஏசி இல்லாத பள்ளியில் அதனால் மின் கட்டணம் பெரிதாகக் குறையாது. ஆனாலும் சுண்ணாம்பு அடித்த கூரைக்கு அடியில் உட்காரும் பிள்ளைக்கு வெக்கை குறையும். கார்பன் பேரில் வந்த பணத்தில் இதைச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். செய்யலாம் என்பதுதான் என் கருத்து. வெயில் ஏறிக்கொண்டே போகிற காலத்தில் பிள்ளைகளைக் காப்பதும் அதே வேலையின் இன்னொரு பாதி.

சத்துணவுக்கூடம்

சுருக்கமாக முடிக்கிறேன். மாதம் 8 சிலிண்டர், பத்து மாதத்துக்கு 80. ஒரு 14.2 கிலோ சிலிண்டர் எரிந்தால் 42 கிலோவுக்கு மேல். ஆக 3.4 டன். சாண எரிவாயுக் கலன் வைக்கலாமா என்று கேட்டு வந்தோம். அதற்குத் தினமும் தீனி வேண்டும். மே மாதம் பட்டினி போட்டால் வாயு குறைந்துபோகும், ஜூனில் மறுபடி சாணம் கரைத்து ஊற்றிச் சீராக்க வேண்டும். மாடு வைத்திருக்கிற விடுதிப் பள்ளிக்கு அது பொருந்தும், எங்களுக்கு வேண்டாம். மிஞ்சின சோற்றைக் குப்பை மேட்டில் கொட்டாமல் உரக்குழியில் இலையோடு சேர்த்து மக்கவைப்பது போதும். குப்பை மேட்டில் காற்றில்லாமல் அழுகினால் வருவது மீத்தேன், அது கரியமில வாயுவைவிட இருபத்தெட்டு மடங்கு சூடேற்றக்கூடியது. சீக்கிரம் வெந்து எரிவாயு மிச்சமாகட்டும் என்று, கொண்டைக்கடலையை முதல் நாளே ஊறவைக்கச் சமையல் அக்காவிடம் சொல்லப் போனேன். "அத எப்பவோ செய்யறோம் தம்பி" என்றார்.

கேட்டுக்கு வெளியே

மேலே சொன்ன மின்சாரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஃபேன், லைட், கம்ப்யூட்டர் அறை, தண்ணீர் மோட்டார் சேர்த்து ஆண்டுக்கு 15,600 யூனிட், 11 டன். சரி, இதுதான் பள்ளியின் பெரிய செலவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மகளைக் கூப்பிடப் போய் 3.50க்கே கேட்டில் நின்றேன். எதிரில் புளியமரத்தடியில் வரிசையாக ஸ்கூட்டி, பைக். வெயிலுக்கு ஒதுங்கி நின்ற சிலர் வண்டியை அணைக்கக்கூட இல்லை. மூன்று வேனும் ஏசி இல்லாமலே உறுமிக்கொண்டு நின்றன, புகை கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கையில் இருந்த நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். மறுநாளும் எண்ணினேன். இருசக்கர வண்டி 120.

வீட்டுக்கும் பள்ளிக்கும் 2 கிலோமீட்டர் என்றே வையுங்கள். காலையில் விட்டுவிட்டுத் திரும்பி, மாலையில் வந்து கூட்டிப் போக 8 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிடைத்தாலும் 120 வண்டிக்கு ஆண்டில் 4,480 லிட்டர் பெட்ரோல், 10.3 டன். மூன்று வேனும் தலைக்கு நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடுகின்றன, லிட்டருக்கு 8 கிடைக்கிறது. 4,725 லிட்டர் டீசல், 12.8 டன். இரண்டும் சேர்த்து 23 டன். மின்சாரத்தைப் போல இரண்டு மடங்கு. நாங்கள் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது விஷயம் வாசலில் புகைந்துகொண்டிருந்தது.

மின்சார வேன் பற்றி விசாரித்தோம். 3 லட்சம் அதற்கு முன்பணத்துக்குக்கூடக் காணாது. அப்புறம் வேன் ஓட்டுநர்தான் வழி சொன்னார். "மூணு சந்துக்குள்ள போயி வண்டியத் திருப்புறதுக்கே பத்து நிமிஷம் போகுது சார். அந்தப் புள்ளைங்க 200 மீட்டர் நடந்து மாரியம்மன் கோயில் வாசலுக்கு வந்துட்டா போதும்." பிப்ரவரியில் அவர் வேனுக்கு மட்டும் அப்படிச் செய்து பார்த்தோம். 60 கிலோமீட்டர் 47 ஆனது. முதல் வாரம் இரண்டு பாட்டிமார் கோபமாகப் பள்ளிக்கே வந்தார்கள், சின்னப் பிள்ளை எப்படி ரோட்டைக் கடக்கும் என்று. அவர்கள் கேட்டது நியாயம். இப்போது ஆயா அக்கா வேனில் முன்னதாக வந்து கோயில் வாசலில் இறங்கி நின்று கூட்டிப்போகிறார். மூன்று வேனிலும் 12 கிலோமீட்டர் குறைந்தால் ஆண்டுக்கு 945 லிட்டர் டீசல், 2.6 டன். லிட்டர் 92 ரூபாய் என்றால் 87 ஆயிரம் ரூபாய் பள்ளிக்கே மிச்சம். இதற்கு முதலீடு கிடையாது.

பெற்றோர் வண்டி விஷயம் இன்னும் கடினம். யாரையும் வண்டி எடுக்காதே என்று சொல்ல முடியாது, பெண் பிள்ளையைத் தனியே அனுப்பப் பயப்படுகிறவரிடம் கார்பன் பேச முடியாது. ஏன் கொண்டுவந்து விடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். மூன்று பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. சைக்கிளை வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்கிறது, பஞ்சர் ஒட்டப் பக்கத்தில் கடை இல்லை. டவுன் பஸ் 8.20க்குப் போய்விடுகிறது, அடுத்தது 9.10க்கு. கடைவீதி முனையில் லாரி. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகச் சைக்கிள் தருகிறது, பஸ்ஸுக்கும் இலவச பாஸ் இருக்கிறது. இரண்டும் இருந்தும் வாசலில் ஸ்கூட்டி நிற்கிறதென்றால் தடை இந்த மூன்றுதான். கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு, ஒரு காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான்: 60 ஆயிரம். பஸ் நேரத்துக்கு மனு, கடைவீதி முனைக்குக் காலையில் ஒரு காவலர் கேட்டு இன்னொரு மனு. 120 வண்டியில் 40 குறைந்தால் 3.4 டன்.

ஆக, சாலைப் பக்கம் 60 ஆயிரத்தில் 6 டன் கிடைக்க வாய்ப்பு. 3 லட்சம் போட்டு ஃபேனில் 5.3, பேனலில் 5.1. என்ன ஒன்று, ஃபேன் மாட்டிவிட்டால் மிச்சம் உறுதி. சாலையில் நாற்பது வீடுகள் மனம் மாற வேண்டும், அது பாதியில் நின்றுபோகலாம். அதனால் ஒன்றை மட்டும் நம்ப எனக்குத் துணிவு வரவில்லை.

நாங்கள் பிரித்தது இப்படி: சைக்கிள் ஸ்டாண்டுக்கு 60 ஆயிரம். 48 எல்.இ.டி. விளக்குக்கு 14,400. மாடியில் இருக்கிற 12 வகுப்புக்கும் பிளஸ் டூ அறைகள் மூன்றுக்கும் 60 ஃபேன், 1 லட்சத்து 80 ஆயிரம். கூரைக்குச் சுண்ணாம்பு 30 ஆயிரம், மேற்கே பதினைந்து மரத்துக்குக் கூண்டோடு 15 ஆயிரம். பேனல் இப்போதைக்கு இல்லை. மீட்டர் இணைப்பும் ஐந்து வருஷப் பராமரிப்பும் எழுத்தில் தருகிற ஒரு நன்கொடை வந்தால் அன்றைக்குப் பார்க்கலாம் என்று தலைமையாசிரியை தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

ஃபேன் வேலை இந்த விடுமுறையில் நடக்கிறது. சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தூண் நட்டாகிவிட்டது. 8.20 பஸ்ஸுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, 3.50க்கு அதே நோட்டோடு புளியமரத்தடியில் மறுபடி நிற்பேன்.