ரேஷன், பலசரக்குக் கடை, சூப்பர் மார்க்கெட், ஆப்: எதை எங்கே வாங்கினால் காசு நிற்கும்?

மதுரை மாதிரி ஊரில் நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதச் சாமான் வாங்கக் குறைந்தது ஐந்து வழி இருக்கிறது. ரேஷன் கடை, தெருமுனைப் பலசரக்குக் கடை, சூப்பர் மார்க்கெட், உழவர் சந்தை, அப்புறம் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் ஆப். கீழமாசி வீதியின் மொத்தக் கடைகளையும் சேர்த்தால் ஆறு. எது மலிவு என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். மாதம் ஏழெட்டாயிரத்துக்குள் அடுப்படியை ஓட்ட வேண்டிய வீட்டுக்கு அந்தப் பதில் போதாது. கிலோ விலை குறைவான இடத்தில் தேவைக்கு மேல் வாங்க வைப்பார்கள். கேட்ட அளவுக்குத் தரும் இடத்தில் கிலோ விலை கூடுதலாக இருக்கும். ஆகவே சாமான் சாமானாகப் பிரித்துப் பார்ப்பதுதான் சரி.

ரேஷனோடு விலையில் மல்லுக்கட்ட யாராலும் முடியாது. அரிசி அட்டைக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். நாலு பெரியவர்கள் உள்ள கார்டுக்கு மாதம் 20 கிலோ. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை கிலோ 25 ரூபாய், தலைக்கு அரைக் கிலோ கணக்கில் இரண்டு கிலோ வரை. வெளியே பருப்பும் பாமாயிலும் நூறைத் தாண்டித்தான் நிற்கின்றன. ஆக, அரிசியைக் கணக்கில் சேர்க்காமலே மாதம் ஏறக்குறைய 200 ரூபாய் கையில் நிற்கும்.

"அந்த அரிசியை யார் சாப்பிடுவது?" என்று கேட்பவர்கள் உண்டு. சோறாக வடித்தால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொன்னி வாங்கிக்கொள்ளலாம். ரேஷன் புழுங்கலரிசியின் இடம் கிரைண்டர். ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டு ஆட்டினால் இரண்டரை கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். இதில் காசு கொடுத்து வாங்கியது உளுந்தும் வெந்தயமும் மட்டும். உளுந்து கிலோ 130 என்று வைத்தாலும் மொத்தம் 35 ரூபாயைத் தாண்டாது. அதே மாவைப் பாக்கெட்டாக வாங்கினால், கிலோ 45 ரூபாய்க்குக் கிடைத்தால்கூட, 110 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். வாரத்தில் இரண்டு தடவை ஆட்டும் வீட்டுக்கு மாதம் 600 ரூபாய் வித்தியாசம். எந்தக் கடையின் எந்தத் தள்ளுபடியும் இதற்குப் பக்கத்தில் வராது. ரேஷன் அரிசியைக் கிலோ பத்துக்கும் பன்னிரண்டுக்கும் விற்றுவிட்டு மாவுப் பாக்கெட் வாங்குவது எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு.

ரேஷனில் காசுக்குப் பதிலாக நேரம் போகும். அரிசி இன்று, பருப்பு நாளை, பாமாயில் "அடுத்த வாரம் வாங்க". தினக்கூலிக்குப் போகிறவருக்கு அரைநாள் வேலை போனால் மிச்சம் பிடித்த 200 ரூபாய் அங்கேயே கரைந்துவிடும். கார்டில் பெயருள்ள யார் கைரேகை வைத்தாலும் போதும் என்பதால், வீட்டில் இருக்கும் பெரியவர்களை அனுப்புவதுதான் வழக்கம். வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2025 ஆகஸ்டிலிருந்து தாயுமானவர் திட்டத்தில் சாமான் வீட்டுக்கே வருகிறது. சில கடைகளில் உப்பு, டீத்தூள், சோப்பு என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்து நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வாங்கியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அடுத்தது உண்மையான போட்டி: அண்ணாச்சி கடையா, சூப்பர் மார்க்கெட்டா?

சூப்பர் மார்க்கெட் பட்டியலில் "எம்ஆர்பி இவ்வளவு, எங்கள் விலை இவ்வளவு, நீங்கள் சேமித்தது இவ்வளவு" என்று கடைசி வரியில் அச்சடித்துத் தருவார்கள். எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. கம்பெனியே போடும் எண். அதிலிருந்து குறைத்ததைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கும் கிராம் விலை. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம். பக்கத்திலேயே 850 கிராம் பாக்கெட்டும் இருக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். 910 கிராம் 150 ரூபாய், 850 கிராம் 142 ரூபாய் என்றால் கை தானாக இரண்டாவதை எடுக்கும். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 165, இரண்டாவது 167. எட்டு ரூபாய் குறைவு என்று எடுத்த பாக்கெட்தான் விலை கூடியது.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் பொய். ஷாம்பூவைப் பாருங்கள். ஒரு ரூபாய் சாஷேயில் 5 மில்லி இருந்தால் 100 மில்லிக்கு 20 ரூபாய்தான் ஆகிறது. பாட்டிலில் அந்த விலைக்கு வராது. சரம் சரமாகத் தொங்கும் சாஷே அண்ணாச்சி கடையில்தான் கிடைக்கும். அதேபோல ஏலக்காய், கசகசா, பட்டை மாதிரி எப்போதாவது போடும் சாமான். சூப்பர் மார்க்கெட்டில் 50 கிராம் பாக்கெட். இங்கே "இருபது ரூபாய்க்குக் குடுங்க" என்றால் காகிதத்தில் மடித்துத் தருவார். கிராம் விலை இரண்டு மடங்காக இருந்தாலும் டப்பாவில் வண்டு பிடித்துக் கொட்டுவதற்கு இது மேல்.

அரிசி, பருப்பில் இன்னொரு சங்கதி உண்டு. 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டி 25 கிலோ வரை பொட்டலமாக வரும் அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. மூட்டையிலிருந்து அளந்து தந்தால் வரி கிடையாது. அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை அடுக்கியிருப்பதன் ரகசியம் இதுதான். கிலோ 50 ரூபாய் அரிசியில், 26 கிலோவுக்கு வரியாகவே 65 ரூபாய் வந்திருக்கும். சில்லறைப் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, உடைந்தது, பூச்சி அரித்தது இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு வாங்கலாம். அந்தச் சலுகை பாக்கெட்டில் இல்லை.

அப்படியானால் அண்ணாச்சி கடைதான் ஜெயிக்கிறதா? ரொக்கம் கொடுப்பவருக்கு, ஆம், பெரும்பாலும். நோட்டுப் போட்டுக் கடன் வாங்கும் வீட்டுக்கு நிலைமை வேறு. வட்டி என்று ஒரு பைசா எழுத மாட்டார், உண்மைதான். ஆனால் பாக்கி வைத்திருப்பவர் "அந்தக் கடையில் ரெண்டு ரூபாய் கம்மியா இருக்கே" என்று வாய் திறக்க முடியாது, வேறு கடையில் வாங்கிய பையோடு அந்த வழியே நடக்கவும் கூச்சம். பிள்ளைகள் கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கிவிட்டு "எழுதிக்கோங்க" என்று வருவது தனிக் கணக்கு. நோட்டே கூடாது என்று சொல்ல நான் யார்? சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால் அரிசி தருவது அந்த நோட்டுதான், எந்த சூப்பர் மார்க்கெட்டும் தராது. அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் நோட்டில், தின்பண்டம் எல்லாம் ரொக்கம் என்று கடைக்காரரிடமே சொல்லி வைக்கும் வீடுகள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு.

சூப்பர் மார்க்கெட்டுக்கு நான் விடுவது சோப்பு, துணிப்பவுடர், டீத்தூள், எண்ணெய் மட்டும். கம்பெனிப் பொருள் என்பதால் தரம் எங்கும் ஒன்று, விலை அங்கே குறைவு. சீட்டு எழுதிக்கொண்டு போய், தள்ளுவண்டி எடுக்காமல் கைக்கூடையோடு நடந்தால் பில் தன்னால் சுருங்கும்.

புளி, மிளகாய், மல்லியைக் கீழமாசி வீதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும், ராமநாதபுரத்து முண்டு மிளகாயும் அப்போதுதான் வரத்து. வருஷத்துக்கு வாங்கிச் சித்திரை வெயிலில் காயவைத்தால் மழைக்காலத்து விலை நம்மைத் தொடாது. மொத்தமாக இரண்டாயிரம், மூன்றாயிரம் ஒரே மாதத்தில் புரட்ட வேண்டும் என்பதுதான் இடைஞ்சல். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று முதல் சந்தை தொடங்கியதே மதுரை அண்ணா நகரில்தான். வெளிச் சில்லறை விலைக்குக் கீழே தினமும் விலை வைத்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். கத்தரி, வெண்டை, கீரை, முருங்கை இவற்றில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வடக்கேயிருந்து வரும் பெரிய வெங்காயம், உருளையில் அவ்வளவாக இருக்காது. யார் போகிறார் என்பதும் கணக்கில் வரும். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆக வீட்டம்மா போனால் போக்குவரத்துச் செலவு பூஜ்யம். வீட்டுக்காரர் பைக்கில் போக வர பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கே 25 ரூபாய். கால் கிலோ பீன்ஸுக்காக அப்படிப் போவதற்குத் தெருவில் வரும் தள்ளுவண்டியே லாபம், கறிவேப்பிலை கொசுறாக வேறு கிடைக்கும்.

ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம் என்று கீழே கூடுவதைவிட, "இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்ற வரிதான் ஆபத்து. ஆர்டர் போடாமல், விலை பார்க்க மட்டும் பயன்படுத்தலாம்.

அரிசி அட்டை இல்லாத வீடுகளுக்கு, வேலைக்காக வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்கு, இந்த வரிசை மாறும். அவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது கூட்டுறவு சிறப்பங்காடிகள். அப்புறம் ரொக்கத்துக்கு அண்ணாச்சி கடைச் சில்லறை. மூன்று பேர் சேர்ந்து ஒரு 26 கிலோ மூட்டை இறக்கினால், காலையும் மதியமும் ஹோட்டலில் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகாது. சமைப்பது யார் என்ற சண்டையை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்.