கோல்பி ஏ இண்டெக்ஸ் டெஸ்ட் எப்படி இருக்கு?

அறிவ அளக்குற டெஸ்ட் இல்ல இது, ஒரு வேலைய கையில எடுத்தா நாம இயல்பா எப்படி இறங்குவோம்னு பாக்குறது, கேத்தி கோல்பி உருவாக்கினது. ஆன்லைன்ல 36 கேள்வி, ஒவ்வொண்ணுலயும் அதிகமா செய்யறது எது, கம்மியா செய்யறது எதுன்னு டிக் பண்ணணும். ரிசல்ட்ல ஃபேக்ட் ஃபைண்டர் (தகவல் சேக்கறது), ஃபாலோ த்ரூ (வரிசையா ஒழுங்குபடுத்தறது), குயிக் ஸ்டார்ட் (டக்குனு இறங்கி முயற்சி பண்றது), இம்ப்ளிமென்டர் (கையால செஞ்சு பாக்கறது)னு நாலு நம்பர், கம்மி நம்பர்னா மட்டம்னு அர்த்தமே இல்ல. எனக்கு குயிக் ஸ்டார்ட் 8, ஃபாலோ த்ரூ 3. இப்பல்லாம் எக்செல்ல பெருசா ப்ளான் போட்டு முழிக்காம, மொதல்ல ஒரு ரஃப் டிராஃப்ட் அடிச்சு டீம்ல போட்டுடறேன், அத வரிசைப்படுத்தறத அதுல கில்லாடியான தோழி பாத்துக்கறா, வேலை சரசரன்னு நகருது. டீமா வேலை பாக்கறவங்க கண்டிப்பா எடுங்க, ஆனா இத மட்டும் வெச்சு யாரையும் வேலைக்கு வேணாம்னு ஒதுக்காதீங்க.