மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸ் பவுடர், 500 கிராம்: டிஎஸ்எஸ் ஸ்டாண்டர்டுக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பாட்டிலைத் திறந்ததும் அப்படியே எடை போட்டுவிடாதீர்கள், நான் அதைத்தான் செய்தேன்.

எங்கள் லேபுக்கு வருவது பெரும்பாலும் சாயப்பட்டறைத் தண்ணீர். டிஎஸ்எஸ், அதாவது தண்ணீரில் கரையாமல் நிற்கும் துகளை வடிகட்டி, காயவைத்து எடை பார்க்கும் சோதனை, தினமும் உண்டு. செக் ஸ்டாண்டர்டுக்கு (நம் சோதனை சரியா என்று பார்க்க, அளவு தெரிந்து கலக்கிய சாம்பிள்) ரெடிமேட் பாட்டில் வாங்கிக் கட்டுப்படியாகாது, ஒரு தடவை வடிகட்டினால் தீர்ந்துபோகும் சாமான் அது. முதலில் கையில் இருந்த கயோலின் என்ற வெள்ளைக் களிமண் பொடியைப் போட்டுப் பார்த்தோம். கலங்கல் அருமையாக நிற்கிறது, ஆனால் துகள் ரொம்பப் பொடி, ஜிஎஃப்/சி என்ற கண்ணாடி இழை ஃபில்டரின் 1.2 மைக்ரானையே தாண்டிக் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. கீழே ஃபிளாஸ்கில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி நின்றதைப் பார்த்த பிறகு ரிக்கவரி (போட்ட எடையில் எத்தனை சதவீதம் ஃபில்டரில் திரும்பக் கிடைத்தது) கணக்கே போடவில்லை.

அப்புறம்தான் இந்தப் பவுடர். மாத்திரை செய்கிறவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கும் அதே சரக்குதான். துகள் சுமார் 50 மைக்ரான், ஃபில்டரில் ஒன்றுவிடாமல் நிற்கும். டிஎஸ்எஸ் சோதனைக்கான ஐஎஸ்ஓ 11923 முறையிலும் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ரெஃபரன்ஸ் கலவைக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் மூன்று நாள் ரிக்கவரி 95, 94, 95 சதவீதம். ஃபில்டரைச் சந்தேகப்பட்டோம், காயவைக்கும் ஓவனைச் சந்தேகப்பட்டோம், வடிகட்டிய தம்பியையும் சும்மா விடவில்லை (பிறகு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம்). கடைசியில் பார்த்தால் பவுடரிலேயே ஏறக்குறைய 5 சதவீதம் ஈரம். 105 டிகிரியில் காயவைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடி) ஆறவைத்து எடுத்ததும் 99க்கு வந்துவிட்டது.

இன்னொரு விஷயம், ஒரு லிட்டர் கலக்கி வைத்து அதிலிருந்து பிப்பெட்டில் எடுக்கும் வேலை எங்களுக்குச் சரிப்படவில்லை. துகள் பெரிது என்பதால் கலக்கியை நிறுத்திய நிமிடமே அடியில் உட்காரத் தொடங்குகிறது, ஓடவிட்டு எடுத்தாலும் சுழிக்குள் பிப்பெட்டை விட்டால் ஒரு எண், ஓரத்தில் விட்டால் வேறு எண். அதனால் பாட்டிலுக்குப் பாட்டில் தனியாக எடை. 50 மில்லிகிராம் பவுடர், 500 மில்லி தண்ணீர், ஆக லிட்டருக்கு 100. ஆறு, ஓடையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பும் அதே 100 என்பதால் சௌகரியம். முழுப் பாட்டிலையும் வடிகட்டி, பாட்டிலை அலசி அந்தத் தண்ணீரையும் ஊற்றிவிட வேண்டும். எடைபோட்டவர் உண்மையான எடையைச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வார், சோதிப்பவருக்குச் சொல்ல மாட்டார். இந்தக் கணக்கில் 500 கிராமுக்கு 10,000 பாட்டில், நான் ரிட்டயர் ஆகும்வரை தீராது.

சில பாட்டில்களில் 2.5 கிராம் சாதாரண உப்பும் சேர்க்கிறோம். சாயத் தண்ணீரில் உப்பு அதிகம், ஃபில்டரைச் சரியாகக் கழுவாவிட்டால் அது டிஎஸ்எஸ் கணக்கில் ஏறிவிடும். இந்தப் பாட்டிலில் அரை மில்லி தங்கினாலே 2.5 மில்லிகிராம், அதாவது 5 சதவீதம் கூடுதல். மூன்று தடவை பத்துப் பத்து மில்லி ஊற்றிக் கழுவ வேண்டிய இடத்தில் ஒரு தடவையோடு முடித்தவர் யார் என்று 105 சதவீதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும், திட்ட வேண்டிய அவசியமே இல்லை.

குறையும் உண்டு. ஃபில்டர், ஓவன், தராசு, கை, இந்த நான்கும் சரியா என்று மட்டும்தான் இது சொல்லும். கட்டிகட்டியாக வரும் நிஜ சாம்பிளை நன்றாகக் குலுக்கிச் சரியாகப் பிரித்து எடுத்தோமா என்பதை இதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு டூப்ளிகேட் (அதே சாம்பிளை இரண்டு தடவை) ஓட்டித்தான் ஆக வேண்டும். சான்றளித்த ஸ்டாண்டர்டும் இல்லை, எனவே வெளி லேபுகளோடு ஒப்பிடும் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

பவுடருக்கு 5க்கு 4. விற்றவருக்கு 2தான், அனாலிசிஸ் சர்டிஃபிகேட்டுக்காக மூன்று தடவை போன் போட வைத்தார், லேபிளில் துகள் அளவும் இல்லை. மூடி வேறு தொளதொள என்று இருக்கிறது, வந்த அன்றே கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.