அவள் பள்ளிக்கு வராத நாட்களில் இவர்கள் என்ன செய்தார்கள்?

ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் படிப்புச் செலவை மாதாமாதம் ஏற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்றில் ஐந்து ஆண்டுகள் பணம் கட்டினேன். அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது சேர்ந்தேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். அவளை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதால் அமைப்பின் பெயரை எழுதவில்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவின் பிரசவத்துக்குத் துணையாக இரண்டு வாரம் வீட்டில் இருந்தேன். இரண்டு வாரம் இரண்டு மாதமாகிவிட்டது. திரும்பிப் போனால் கணக்குப் புரியாதே என்று பயந்தேன். வா என்று கூப்பிட ஒருவரும் வரவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினேன். அதனால் இந்தத் திட்டத்தை எடைபோட என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவள் பள்ளிக்கு வராமல் போனால் இவர்கள் என்ன செய்வார்கள்?

அதற்கான பதில் இரண்டாம் ஆண்டிலேயே கிடைத்தது. பருவ அறிக்கையில் ஒரு மாதத்து வருகைப் பதிவு 22 நாட்களுக்கு 9 என்று இருந்தது. பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்டேன். அவள் வராத நான்காம் நாளே, திட்டத்தின் சார்பில் அவளைக் கவனித்துவந்த வழிகாட்டி அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வழிகாட்டியும் இதே திட்டத்தில் படித்து முடித்தவர். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அம்மா வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார், மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வழிகாட்டி யாருக்கும் புத்தி சொல்லவில்லை. மூன்று முறை போய்ப் பேசி, தம்பியைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்து, மூன்று மாதக் கட்டணத்தைத் திட்டத்தின் அவசர நிதியிலிருந்து கட்ட ஏற்பாடு செய்தார். விட்டுப்போன இயற்கணிதப் பாடங்களை மாலை நேரத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒன்றுக்காகவே திட்டத்துக்கு நான் என்றும் நன்றி உடையவள்.

கட்டணம் கட்டிவிட்டால் படிப்பு நடந்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர். பள்ளி தூரத்தில் இருந்தால், போய்வர வழி இல்லாததே படிப்பை நிறுத்திவிடும். பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் அதன் பலன் அதிகமாகத் தெரிந்தது. எங்கள் திட்டத்தில் பேருந்துக் கட்டணம், சீருடை, தேர்வுக் கட்டணம், மாதவிடாய் அணையாடை எல்லாம் சேர்ந்தே இருந்தன. நல்ல யோசனை உள்ளவர்கள் வகுத்த பட்டியல் அது.

குறைகளும் உண்டு, சிறியவை அல்ல. கல்வியாண்டு தொடங்கும்போது இரண்டு முறை பணம் ஆறு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கட்டணம் கட்டாதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பில் சொன்னபோது அவளும் நின்றிருக்கிறாள். நான் மாதம் தவறாமல் கட்டியும் அவளுக்கு அந்த அவமானம் நேர்ந்தது.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது, அவள் படத்தையும் வீட்டு நிலைமையையும் நன்கொடை கேட்கும் துண்டறிக்கையில் அச்சடித்துவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வகுப்புத் தோழி கையில் அதைப் பார்த்து, இரண்டு நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தாள். நான் கடுமையாக எழுதிய பிறகு துண்டறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். இப்போது மாணவியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் படம் வெளியிடுவதில்லை என்கிறார்கள். சேரும் முன் இதை நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மதிப்பெண் நிபந்தனையை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒரு பாடத்தில் தோற்றாலும் உதவி நின்றுவிடும் என்பது விதி. வங்கதேசம் 1994இல் நாடு முழுவதும் மாணவியருக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியபோதும் நிபந்தனைகள் இருந்தன: 75 விழுக்காடு வருகை, 45 விழுக்காடு மதிப்பெண், திருமணம் ஆகாதிருத்தல். வருகை நிபந்தனையும் திருமண நிபந்தனையும் எனக்குப் புரிகின்றன. பெண்ணை வகுப்புக்கு அனுப்பவும், கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் அவை வீட்டாருக்கு ஒரு காரணம் தருகின்றன. மதிப்பெண் நிபந்தனையோ, தம்பியைத் தூக்கிக்கொண்டு படித்தவளையே முதலில் வெளியே தள்ளும். பதினோராம் வகுப்பில் அவள் வேதியியலில் தோற்றபோது நான் இரண்டு கடிதம் எழுதினேன். ஒரு பருவம் அவகாசம் கொடுத்தார்கள், அவள் தேறிவிட்டாள். விதி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாக் கடிதமும் ஒரே அச்சு: நலம், நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்கு என் நன்றி. நன்றி எழுதவே வேண்டாம், எது பிடிக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டேன். அடுத்த கடிதத்தில் ஒரு மின்சுற்றின் படம் வந்தது. இரண்டு விளக்குகளில் ஒன்று அணைந்தாலும் மற்றது எரிய எப்படி இணைக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தாள்.

இப்போது மின்பொறியியல் பட்டயப் படிப்பில் சேர வேண்டும் என்கிறாள். திட்டமோ பன்னிரண்டாம் வகுப்போடு முடிகிறது. நான் கட்டி வந்த தொகையை இன்னும் மூன்று ஆண்டுகள் அவள் பேரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அதே வழிகாட்டி தொடர்ந்து அவளைப் பார்க்கட்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.