கிழவி நடக்கிற வேகத்தில் ஒரு கொரியப் படம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் எல்லாரையும் பிடித்து உட்கார வைத்து ‘தி வே ஹோம்’ போட்டேன். 2002-இல் வந்த தென்கொரியப் படம். கொரிய மொழியில் ‘ஜிபுரோ’, வீட்டை நோக்கி என்று அர்த்தம். பத்தாவது நிமிஷத்திலேயே என் பையன், "இதுல கதை எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்று கேட்டுவிட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. அதுவரைக்கும் ஒரு டவுன் பஸ் மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டு போயிருக்கிறது, ஒரு சின்னப்பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், கூன் விழுந்த ஒரு கிழவி கம்பை ஊன்றி நடந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

கதை என்று சொன்னால் ரெண்டு வரி. சியோலில் தொழில் நொடித்துப்போய் வேலை தேடும் ஒரு பெண், தன் 7 வயது மகன் சாங் வூவை மலைக்கிராமத்தில் தனியாக இருக்கிற தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறாள். கோடை முடிகிற வரைக்கும் பாட்டியும் பேரனும்தான். பாட்டிக்கு வாய் பேச முடியாது, எழுதப் படிக்கவும் தெரியாது. பேரனுக்குக் கையில் வீடியோ கேம், பையில் டின் இறைச்சியும் கோக்கும், வாயில் வசவு. பெத்த அம்மாவின் அம்மாவையே அவன் திட்டுகிற வார்த்தைகளைக் கேட்டால் உங்களுக்கே எழுந்துபோய் ரெண்டு போடலாமா என்று தோன்றும். (கொரியப் படம் பார்க்கிற தமிழர்கள் எல்லாரும் ஒருமுறை சொல்லிக்கொள்கிற விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன்: அவர்களுக்கும் அம்மா கிட்டத்தட்ட அம்மாதான், அப்பா அப்பாதான். பாட்டிக்கு மட்டும் ஹல்மோனி.)

படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கோழிக் காட்சியைத்தான் சொல்வேன். பையனுக்கு கென்டக்கி சிக்கன் வேண்டும். பாட்டிக்கு அது என்னவென்றே தெரியாது. அவன் தலைமேல் கையை வைத்துக் கொண்டை மாதிரி ஆட்டிக் காட்டுகிறான், சிறகடித்துக் காட்டுகிறான். ஓ, கோழியா என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. கொட்டுகிற மழையில் போய் ஒரு கோழியோடு நனைந்து திரும்பி வருகிறாள். உரித்து, முழுசாகத் தண்ணீரில் போட்டு வேகவைத்து, ஆவி பறக்க அவன் முன்னால் கொண்டுவந்து வைக்கிறாள். அவன் பார்க்கிறான். பொரித்த கோழி எங்கே, தண்ணீரில் கிடக்கிற இந்தக் கோழி எங்கே. ஓ என்று அழுகை. பாட்டிக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியவில்லை. ஒரு காலைப் பிய்த்து நீட்டுகிறாள், தட்டிவிடுகிறான். அப்புறம் நடுராத்திரி பசி தாங்காமல் எழுந்து உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அதே கோழியை ஒரு கை பார்க்கிறான். மறுநாள் பாட்டி காய்ச்சலில் கிடக்கிறாள். அவன் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, மிச்சமிருந்த கோழியை எடுத்து அவளுக்குச் சாப்பாடு வைக்கிறான். மன்னிப்பு இல்லை, கண்ணீர் வசனம் இல்லை. நம் ஊரில் எடுத்திருந்தால் இந்த இடத்தில் கண்டிப்பாக ஒரு பாட்டு வந்திருக்கும்.

இயக்கியவர் லீ ஜியோங் ஹியாங் என்கிற பெண் இயக்குநர், இது அவருடைய ரெண்டாவது படம். அவர் இந்த வேகத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்பது பாதிப் படம் தாண்டியதும்தான் எனக்கு உறைத்தது. பாட்டி மேட்டில் ஏறினால் கேமரா அவள் ஏறி முடிகிற வரைக்கும் காத்திருக்கிறது, வெட்டிவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவுவதில்லை. சந்தைக்குப் போகும் நாளில் காய்கறி விற்ற காசில் அவனுக்கு ஷூவும் நூடுல்ஸும் வாங்கிக்கொடுத்து, அவனை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு இவள் நடந்தே வருகிறாள். அவன் ரோட்டோரத்தில் காத்துக்கிடக்கிறான். முதல்முறையாக அவள் வேகம் என்னவென்று அவனும் உட்கார்ந்து தெரிந்துகொள்கிறான், நாமும் கூடவே. அந்த இடத்தில் ‘ஸ்லோவா போகுது’ என்று யாராவது சொன்னால் ஆமாம், கிழவி மெதுவாகத்தான் நடப்பாள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

பாட்டியாக நடித்தவர் கிம் உல் பூன். நடிகை இல்லை, படப்பிடிப்பு நடந்த யங்டோங் வட்டாரத்துக் கிராமப்பக்கத்துப் பெண்மணி, அதற்கு முன்னால் கேமரா முன் நின்றதே கிடையாது. அம்மாவாக வருபவரையும் பையனையும் விட்டால் மற்றவர்களில் பெரும்பாலானோர் அந்த ஊர் ஜனங்கள்தான். கொரியாவில் மட்டும் 40 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்த படம், அந்த ஊர்த் தேசிய விருது மாதிரியான கிராண்ட் பெல்லில் சிறந்த படம், திரைக்கதை ரெண்டும் வாங்கியது. ஆனால் இந்தப் புகழ் பாட்டியாக நடித்த அந்த அம்மாவை நிம்மதியாக இருக்க விடவில்லை, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் தொல்லை தாங்காமல் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று என்று படித்தபோது சங்கடமாக இருந்தது. 2021-இல் 95 வயதில் காலமானார். பையனாக நடித்த யூ சுங் ஹோ இப்போது அங்கே பெரிய ஹீரோ, என் தங்கச்சி அவன் சீரியல் எல்லாம் பார்த்திருக்கிறாள், ‘அந்தக் குட்டிச்சாத்தானா இவன்’ என்று நம்பவே மாட்டேன் என்கிறாள்.

சரி, குறையும் சொல்லணும். இந்தப் பாட்டிக்குக் கோபமே வருவதில்லை. அவள் தூங்கும்போது பேரன் கொண்டை ஊசியைத் திருடிக்கொண்டு பேட்டரி வாங்கப் போகிறான், அவள் ஒரு ஸ்பூனைக் கொண்டையில் செருகிக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். செருப்பை ஒளித்து வைக்கிறான், வெறுங்காலோடு தண்ணீர் எடுக்கப் போகிறாள். நான் ரெண்டாங்கிளாஸ் முழுக்க ஆண்டிபட்டி பக்கம் அம்மாச்சி வீட்டில் வளர்ந்தவன். ஒருநாள் சுருக்குப்பையில் இருந்து எட்டணா எடுத்ததற்கு விளக்குமாறு பிய்கிற அளவுக்கு வாங்கினேன். அன்றைக்கு ராத்திரி அதே கையால் விளக்கெண்ணெய் தடவிவிட்டதும் அவள்தான். பிள்ளை வளர்க்கிற கிழவிகள் அப்படித்தான் இருப்பார்கள். அறுபது எழுபது வயதில் மறுபடியும் ஒரு பிள்ளையைத் தலையில் கட்டிவிட்டுப் போனால் அலுப்பு வரும், எரிச்சல் வரும், மகள் மேல் ஆத்திரம் வரும். அதில் ஒரு துளிகூட இந்தப் படத்தில் இல்லை. வாய் பேசாதவள் என்று வைத்தது பல இடங்களில் அழகு, ஆனால் அவளுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்கிற கேள்வியில் இருந்து தப்பிக்கவும் அதுவே வசதியாகிவிட்டது. விட்டுவிட்டுப் போன அம்மாவும் முதலிலும் கடைசியிலும் தலையைக் காட்டுவதோடு சரி. பக்கத்து வீட்டுப் பையனும் ஊரில் இருக்கிற ஒரு பெண் குழந்தையும் வருகிறார்கள், போகிறார்கள். பின்னணி இசை ரெண்டு மூன்று இடத்தில் நம்மை அழவைத்தே தீருவேன் என்று நிற்கிறது, தேவையே இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, ஊசிக்கு நான் விழுந்துவிட்டேன். முன்னால் ஒருதரம் நூல் கோர்த்துக் கொடு என்று பாட்டி ஊசியை நீட்டும்போது அவன் சலித்துக்கொண்டு கோர்த்துக் கொடுப்பான். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, வீட்டில் இருக்கிற ஊசி அத்தனையிலும் உட்கார்ந்து நூல் கோர்த்து வைக்கிறான். தான் போனபிறகு யார் கோர்த்துக் கொடுப்பார்கள் என்கிற கணக்கு. அதே ராத்திரி அவளுக்கு ரெண்டு வாக்கியம் எழுதச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறான்: உடம்பு சரியில்லை, உன்னைப் பார்க்கணும். அவளுக்கு வரவில்லை. அப்படியென்றால் வெறும் காகிதத்தை அனுப்பு, நான் ஓடி வந்துவிடுகிறேன் என்கிறான். என் மனைவி அந்த இடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள், அடுப்பில் ஒன்றும் இல்லை. நெஞ்சில் கையை வட்டமாகத் தடவுகிற பாட்டியின் சைகை ஒன்று படம் முழுக்க வரும், அது கடைசியில் யாரிடம் போகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

ஒன்றரை மணி நேரம்கூடக் கிடையாது. வசனம் கொஞ்சம்தான், அதனால் சப்டைட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்களையும் உட்கார வைக்கலாம், என் மாமியாருக்கு முக்கால்வாசி நான் விளக்கவே தேவைப்படவில்லை. வேகத்தைக் கூட்டிவைத்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, முதல் இருபது நிமிஷத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையன் முப்பதாவது நிமிஷத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. படம் முடிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரிக்கு என்னடா வேணும் என்று கேட்டதற்கு, கோழி என்றான். கொஞ்சநேரம் கழித்து வந்து, பொரிச்சது என்றான்.